முப்பதுக்கு இருபத்தெட்டு

9 ஜனவரி 2023, திங்கள்

தமிழ்க்கடையில் அரிசி மூட்டையோடு இலவசமாகத் தந்த டயறி இது. ஒவ்வொரு பக்கத்திலும் மேலே ராகுகாலம், கீழே ஆட்டிறைச்சி விளம்பரம். இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற இடத்தில் நான் எழுத வேண்டும்.

எழுதச் சொன்னது மகள் நிரோஜா. அப்பாவில் தெரிகிற மாற்றங்களை நாளாந்தம் குறித்து வைக்கட்டாம். ஞாபகக் கிளினிக்கில் கேட்பார்களாம். ஊரில் இருபத்திரண்டு வருடம் கணக்குப் படிப்பித்து, லண்டனுக்கு வந்து முன்னறையில் இன்னும் இருபது வருடம் ரியூசன் கொடுத்து, ஆயிரக்கணக்கான கொப்பிகளைத் திருத்திய சற்குணவதி ரீச்சருக்கு ஒரு டயறி எழுதுவது பெரிய வேலையா?

இன்றைய மாற்றம்: ஒன்றுமில்லை. பால் அலுமாரிக்குள் இருந்தது. இடது கால் சப்பாத்து பிரிஜ்ஜுக்குள் இருந்தது. அதை நானே வைத்திருக்கவும் கூடும்.

12 ஜனவரி, வியாழன்

கிளினிக்காரர் வாசிக்கப் போகிறார்கள் என்றால் நோயாளி யார் என்று எழுதத்தானே வேண்டும். பெயர் தியாகலிங்கம். வயது எழுபத்தாறு. என் கணவர். ஊரில் ஸ்ரேசன்மாஸ்ரராக இருந்தவர். காங்கேசன்துறையிலிருந்து கொழும்புக் கோட்டை வரை ஒரு ஸ்ரேசன் பிசகாமல் இன்றும் சொல்வார். இங்கே வந்து இருபது வருடம் தபால் இலாகாவில் கடிதம் தரம் பிரிக்கிற இடத்தில் வேலை செய்தார். அங்கே வெள்ளைக்காரர்களுக்கு முறைப்பாட்டுக் கடிதம் எழுதிக் கொடுத்தவரே இவர்தான். அவ்வளவு நல்ல இங்கிலிசு.

இரண்டு வருடத்துக்கு முதல் அந்த இங்கிலிசு கழன்று போகத் தொடங்கியது. குடும்ப டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் ஒரு கேள்வி கேட்டார், இவர் தமிழில் பதில் சொன்னார். டொக்டர் அதே கேள்வியை இன்னும் சத்தமாகக் கேட்டார், இவரும் சத்தமாகத் தமிழில் பதில் சொன்னார். டொக்டர் கம்பியூட்டரில் "மொழிப் பிரச்சினை" என்று அடித்துவிட்டு, இங்கிலிசு வகுப்பு நடக்கிற இடத்தின் துண்டுப்பிரசுரம் ஒன்றைத் தந்தார். அவருக்கு மறந்து போனது இங்கிலிசு. டொக்டர் விளங்கிக்கொண்டது, அவருக்கு இங்கிலிசு தெரியாது என்று.

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி மோரீனுக்கும் அதே டொக்டர்தான். மோரீன் தன் தங்கச்சியின் பிறந்தநாளை மறந்தாள். ஆறே வாரத்தில் டிமென்ஷியா என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது செவ்வாயும் வியாழனும் ஒரு வெள்ளை வான் வந்து அவளைப் பகல் நிலையத்துக்கு ஏற்றிக்கொண்டு போகிறது. நான் பார்ப்பதில்லை. அந்த நேரத்தில் யன்னல் சீலையைச் சரிசெய்கிற வேலை எனக்கு இருக்கும், அவ்வளவுதான்.

23 ஜனவரி, திங்கள்

கடிதம் வந்தது. மார்ச் பதினாலு, செவ்வாய்க்கிழமை, காலை பத்தரைக்கு ஞாபகச் சோதனை. நிரோஜா லெஸ்ரரிலிருந்து ரெலிபோனில் துள்ளினாள்.

"கடைசியாக் கிடைச்சிட்டுதம்மா! இனி அப்பாவுக்கு என்னெண்டு தெரியும்."

எனக்கு என்னென்று தெரியும். மறதி நோய் என்று ஒரு கடுதாசி வந்தால், மறுநாள் கோயிலில் "தியாகலிங்கத்தாருக்கு மண்டை பிசகிப் போச்சாம்" என்று கதை வரும். அதற்கு அடுத்த நாள் யாராவது வந்து அவரை முதியோர் ஹோமில் போடச் சொல்வார்கள். அங்கே அவருக்குக் காலையில் பீன்ஸ், மத்தியானம் அவித்த உருளைக்கிழங்கு, பின்னேரம் பீன்ஸ்.

என்னிடம் படித்த ஒரு பிள்ளையும் சோதனையில் கோட்டை விட்டதில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் விடுவாரா?

2 பெப்ரவரி, வியாழன்

யாழ்ப்பாணத்தில் எந்தச் சோதனைக்கும் முதல் செய்கிற வேலையைச் செய்தேன். கடந்தகால வினாத்தாள் சேர்த்தேன்.

கோயிலில் மூன்று பெண்களின் கணவன்மார் ஏற்கெனவே இந்தச் சோதனைக்குப் போய் வந்தவர்கள். மூவரும் அதை யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் அன்னதான வரிசையில் பின்னால் நின்று "மெய்தானோ" என்று கேட்டால் எதுதான் வெளியே வராது? ஒருத்தி ஐந்து சொற்களைச் சொன்னாள். இன்னொருத்தி நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்க வேண்டும் என்றாள். மூன்றாமவள் படங்களைக் கையாலேயே கீறிக் காட்டினாள். மூவருக்கும் வந்தது ஒரே கேள்விகள். இவ்வளவு சோம்பேறித்தனமான பரீட்சைத் திணைக்களத்தை நான் எங்கும் கண்டதில்லை.

இரவல் வாங்கிய விபரங்களை வைத்து மாதிரி வினாத்தாள் தயாரித்துவிட்டேன். நாளை காலை ஆறு மணிக்கு வகுப்பு.

11 பெப்ரவரி, சனி

மாணவன் மோசமில்லை. கொஞ்சம் வாய்க்காரன்.

"இண்டைக்கு என்ன கிழமை?"

"செவ்வாய்க்கிழமை. மார்ச் பதினாலு. ரெண்டாயிரத்து இருபத்திமூண்டு."

இன்று சனிக்கிழமை, பெப்ரவரி பதினொன்று. சரியான விடை என்று சொல்லி ஒரு பிஸ்கற் கொடுத்தேன்.

"அஞ்சு சொல்லும் சொல்லுங்கோ."

"சாவி, ஆறு, தொப்பி, எலுமிச்சம்பழம், கதிரை."

"நூறிலையிருந்து ஏழு?"

"தொண்ணூற்றுமூண்டு, எண்பத்தாறு, எழுபத்தொம்பது, எழுபத்திரண்டு, அறுபத்தஞ்சு." வாய்ப்பாடு மாதிரி ஒரே மூச்சில் வந்தது. பிறகு என்னைப் பார்த்து, "இஞ்சாரும், உமக்கு விடை தெரியும்தானே? பிறகேன் என்னைக் கேக்கிறீர்?" என்றார்.

படத்தில்தான் இழுபறி. கண்டாமிருகத்தை எருமை என்கிறார்.

"எருமைக்கு மூக்கிலை கொம்பிருக்கோ?"

"ஆருக்குத் தெரியும்? இங்கிலாந்து எருமை."

நியாயம். எங்கள் ஊரில் கண்டாமிருகம் எந்த வேலியில் நின்றது?

26 பெப்ரவரி, ஞாயிறு

நிரோஜா ரெலிபோன் எடுத்தாள். அவர் வாங்கிக் கதைத்தார். நன்றாகத்தான் கதைத்தார். வைத்த பிறகு, "நல்ல பிள்ளை. ஆற்றை பிள்ளை?" என்று கேட்டார். பகிடிதான். அவருக்கு எப்போதும் பகிடி கூட.

பிறகு தொண்ணூற்றுமூன்று எண்பத்தாறு சொல்லிக்கொண்டு போய்ப் படுத்தார்.

14 மார்ச், செவ்வாய்

வெற்றி! விபரமாக எழுதுகிறேன். (இந்தப் பக்கம் கிளினிக்காரருக்கு இல்லை. கிழித்துவிட வேண்டும்.)

மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்கு செய்திருந்தார்கள். வந்தவர் ஹிந்திக்காரர். அவர் எங்களைப் பார்த்தார், நாங்கள் அவரைப் பார்த்தோம். எல்லாரும் வணக்கம் சொன்னோம். அவர் போய்விட்டார். டொக்டர் இளம் வெள்ளைக்காரர், நல்ல பிள்ளை. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "மிஸிஸ் தியாகலிங்கம், உங்கள் இங்கிலிசு அருமையாக இருக்கிறதே, நீங்களே மொழிபெயர்க்கலாமா?" என்றார்.

பரீட்சை மண்டபத்தின் சாவியை ரியூசன் ரீச்சரின் கையில் கொடுத்தால் நான் என்ன செய்வது?

கிழமை, திகதி, வருடம், ஐந்து சொற்கள், ஏழேழாகக் கழித்தல் எல்லாம் அவர் தானாகவே வெளுத்து வாங்கினார். எனக்குப் பெருமையில் கண் கலங்கியது. சில இடங்களில் மட்டும் நான் கொஞ்சம் மெருகூட்டினேன். பிரதம மந்திரியின் பெயர் கேட்டபோது அவர் சொன்ன ஆள் செத்து முப்பது வருடம். நான் மொழிபெயர்த்தது இப்போது இருக்கிறவரை. எருமையையும் கண்டாமிருகமாக்கிவிட்டேன். பேப்பரில் மணிக்கூட்டுப் படம் கீறுவதில் மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. கீறியதை மொழிபெயர்க்க முடியாதே. அதில் இரண்டு புள்ளி போயிற்று.

முப்பதுக்கு இருபத்தெட்டு!

டொக்டர் எழும்பி எனக்குக் கைதந்தார். வயதுக்குரிய சாதாரண மறதிதானாம், நோய் ஒன்றும் இல்லையாம். "உங்கள் சமூகத்தில் முதியவர்களைக் குடும்பமே எவ்வளவு அழகாகப் பார்த்துக்கொள்கிறது! எங்கள் ஆட்கள் உங்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும். உங்களுக்கு வெளியுதவி எதுவும் தேவைப்படாது" என்றார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்து கேசரி கிண்டினேன்.

"என்ன விசேசம்?" என்றார்.

"நீங்கள் சோதினை பாஸ்."

"எந்தச் சோதினை?"

15 மார்ச், புதன்

நிரோஜாவுக்கு உண்மையைச் சொன்னேன். கொஞ்சம் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"அம்மா, இது ஓ-லெவல் இல்லை! பாஸ் பண்ணினால் அப்பாவுக்கு ஒண்டுமில்லை எண்டு எழுதுவினம். ஒண்டுமில்லை எண்டு எழுதினால் ஒரு உதவியும் வராது. விளங்குதோ?"

"எனக்கு ஒரு உதவியும் வேண்டாம் பிள்ளை. நான் பாக்கிறன்தானே."

"நீங்கள் கடைசியா எப்ப முழுசா நித்திரை கொண்டனீங்கள்?"

கோடு சரியில்லை, சத்தம் விட்டுவிட்டுக் கேட்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

28 மார்ச், செவ்வாய்

வலது காலில் கொதிதண்ணீர் பட்டுவிட்டது. முழங்காலிலிருந்து பாதம் வரை. என் கவலையீனம். சோற்றுப் பானையை அடுப்பிலிருந்து யார் இறக்கினார்கள், ஏன் என் காலடியில் கவிழ்த்தார்கள் என்பதெல்லாம் இப்போது முக்கியமில்லை. அவர் பாவம், "ஆர் உமக்கு இப்பிடிச் செய்தது?" என்று கேட்டுக் கேட்டு ஊதிவிட்டார்.

6 ஏப்ரல், வியாழன்

இன்று அவர் வேலைக்குப் போனார்.

நான் காலைக் கழுவி மருந்து பூசிக்கொண்டிருந்தபோது வாசல் கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை. ஒரு மணித்தியாலம் தெருத்தெருவாக நொண்டினேன். மோரீனின் கணவன் டெரிக்தான் தன் காரில் என்னை ஏற்றினான். கடைசியில் எங்கள் ரயில்வே ஸ்ரேசனில், இரண்டாம் மேடையில், இடுப்பில் சாரமும் மேலே கோட்டும் தலையில் குல்லாவுமாக அவர் நின்றார். கையில் என் பச்சை ரவிக்கைத் துணி. ஒவ்வொரு ரயிலையும் அதை ஆட்டி அனுப்பிக்கொண்டிருந்தார். சில பயணிகள் அவருக்குக் கை காட்டினார்களாம்.

"பத்து இருபத்தாறு நாலு நிமிசம் பிந்திப் போட்டுது" என்று என்னிடம் முறையிட்டார். "இஞ்சை ஒருத்தருக்கும் பொறுப்பில்லை."

நிரோஜாவுக்கு இதைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். குல்லாவைப் பற்றிச் சொன்னேன், ரவிக்கைத் துணியைப் பற்றிச் சொன்னேன். ஸ்ரேசன் பெண் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னதைச் சொல்லவில்லை. மஞ்சள் கோட்டைத் தாண்டி விளிம்பில் நின்றாராம். ஒரு ரயில் பிரேக் பிடித்து, அவருக்கு ஒரு முழத்துக்கு அப்பால் நின்றதாம்.

எழுதியே விடுகிறேன். பயந்து போனேன். இந்த நாட்டுக்கு வந்து ஒரு நாளும் இப்படிப் பயந்ததில்லை.

14 ஏப்ரல், வெள்ளி

புதுவருடம். பொங்கல் பொங்கினேன், அடியில் கொஞ்சம் பிடித்துவிட்டது.

இந்த உதவிகளைப் பார்க்கிற கவுன்சிலுக்கு நேற்று ரெலிபோன் எடுத்தேன். வெட்கத்தை விட்டு, பக்கத்து வீட்டுக்கு வருவது போல ஒரு வான், கிழமைக்கு இரண்டே இரண்டு நாள், கிடைக்குமா என்று கேட்டேன். மறுமுனையில் இருந்த பெண் கம்பியூட்டரைப் பார்த்துவிட்டுச் சந்தோசமாகச் சொன்னாள்: "உங்கள் கணவருக்கு ஒரு குறையும் இல்லையே! முப்பதுக்கு இருபத்தெட்டு! அதோடு குடும்ப ஆதரவு நன்றாக இருக்கிறது என்றும் டொக்டர் எழுதியிருக்கிறார்."

அந்தக் குடும்ப ஆதரவு ஒரு காலில் நின்றுகொண்டுதான் ரெலிபோனில் கதைத்தது.

வாசல் கதவுக்கு இன்னொரு பூட்டுப் போட்டேன். அவர் அதன் முன்னால் நின்று கைப்பிடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரிக்கற் கவுண்டர் பூட்டிக்கிடக்கு" என்கிறார். எனக்கு அவரைப் பூட்டி வைத்திருக்க விருப்பமில்லை.

19 ஏப்ரல், புதன்

காலுக்கு மருந்து கட்ட நேர்ஸ் வந்தார். பெயர் கிளாடிஸ். கானாவில் பிறந்தவர், அறுபது வயது இருக்கும், நல்ல உடம்பு, நல்ல குரல். அவர் வருகிறார் என்று காலை நாலு மணிக்கே எழும்பி வீட்டைக் கழுவித் துடைத்து, என் வீட்டுக்காரருக்குச் சேவ் எடுத்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு இருத்தி வைத்திருந்தேன். தேநீரும் முறுக்கும் தயார்.

கிளாடிஸ் முறுக்கைச் சாப்பிட்டார். கட்டை அவிழ்த்தார். காலைப் பார்த்தார், துடைத்த தரையைப் பார்த்தார், மூன்று பூட்டுப் போட்ட கதவைப் பார்த்தார். "எப்படிச் சுட்டது?" என்றார். என் கவலையீனம் என்றேன். "சரி, இப்போது உண்மையைச் சொல்லுங்கள்" என்றார்.

யாரும் என்னை இவ்வளவு லேசாகப் பிடித்ததில்லை. சொன்னேன். வினாத்தாள், எருமை, பிரதம மந்திரி, எல்லாவற்றையும். கிளாடிஸ் எருமையில் சிரிக்கத் தொடங்கி, சோபா குலுங்கச் சிரித்து, கண்ணைத் துடைத்தார். பிறகு சொன்னதை என் தமிழில் எழுதி வைக்கிறேன்.

"என் அம்மாவுக்கும் இதேதான். கறுப்புக் குடும்பம், பிள்ளைகள் நிறைய, நன்றாகப் பார்ப்பார்கள் என்று எழுதிவிட்டார்கள். அம்மா சத்தம் போட்டால் குணம் பொல்லாதது என்றார்கள். நோயின் பெயரைச் சொல்ல மூன்று வருடம் எடுத்தது. அப்போது அம்மா படுக்கையில். நான் இதே சேவையில் வேலை செய்கிற நேர்ஸ். எனக்கே அப்படி. இவர்கள் கெட்டவர்கள் இல்லை சகோதரி. கதவைத் திறந்தால் சுத்தமான வீடும் சூடான தேநீரும் சிரித்த முகமும் தெரிகிறது. 'சமாளிக்கிறார்கள்' என்ற பெட்டியில் சரி போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார்கள். அடுத்த முறை நான் வரும்போது தரை துடைக்கக் கூடாது. தேநீரும் வேண்டாம்."

"முறுக்கு?" என்றேன்.

"முறுக்கு இருக்கட்டும்."

3 மே, புதன்

கிளாடிஸ் கிளினிக்குக்கு ஒரு கடிதம் எழுதினார். நானும் ஒன்று எழுதினேன். என் வாழ்க்கையில் மிகக் கஷ்டமான கடிதம் அதுதான். "சோதனையின்போது விடைகளை நான் திருத்திச் சொன்னேன். முன்கூட்டியே வினாக்களையும் கற்பித்தேன்." கையெழுத்துப் போடக் கை வரவில்லை. ஒரு முறை பிட் அடித்த பையனை வகுப்புக்கு வெளியே ஒரு நாள் முழுக்க நிறுத்தியவள் நான்.

கிளாடிஸுக்காகத் தரையைத் துடைக்காமல் விட்டுப் பார்த்தேன். அவர் போனவுடன் துடைத்தேன்.

22 மே, திங்கள்

யூலை ஐந்தாம் திகதி மீண்டும் சோதனை. இந்த முறை உண்மையான தமிழ் மொழிபெயர்ப்பாளர் வருவார் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

புது வில்லங்கம். படித்ததை அவர் மறக்க வேண்டும். மறதி நோய்க்காரருக்கு இது பெரிய வேலையா என்று நீங்கள் கேட்கலாம். பல் விளக்க மறக்கிறார், சாப்பிட்டதை மறக்கிறார், மகளின் பெயரை மறக்கிறார். தொண்ணூற்றுமூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது மட்டும் கல்லில் வெட்டியது போல நிற்கிறது. சற்குணவதி ரீச்சரின் பாடம் அவ்வளவு லேசில் போகாது.

10 யூன், சனி

சோதனை முடிந்தும் பழக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த வகுப்பை நிறுத்திவிட்டேன். மாணவன் நிறுத்தவில்லை. காலை ஆறு மணிக்குத் தலைவாரிப் பென்சிலோடு மேசையில் வந்து இருக்கிறார். நான் தேநீர் மட்டும் கொண்டுவந்து வைத்தால், அதைக் குடித்துவிட்டு, பாடம் தொடங்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இன்னொரு விசேசம். கொஞ்ச நாளாக என்னோடு மிக மரியாதை. கல்யாணம் கட்டி நாற்பத்தெட்டு வருடமாக "நீர், உமக்கு" என்று கதைத்த மனுசன் இப்போது "நீங்கள், உங்களுக்கு" என்கிறார். நான் அறைக்குள் வந்தால் எழும்பி நிற்கிறார். கடைசிக் காலத்திலாவது பெண்டாட்டியின் அருமை தெரிந்ததே.

5 யூலை, புதன்

கிளினிக். அதே டொக்டர். என்னைக் கண்டதும் அவருக்கும் வெட்கம், எனக்கும் வெட்கம்.

"குடும்பத்தவரை மொழிபெயர்க்கச் சொன்னது என் பிழை" என்றார். "நேரம் மிச்சம் பிடிக்கப் பார்த்தேன்."

"விடை சொன்னது என் பிழை" என்றேன். அத்தோடு சரி.

மொழிபெயர்ப்பாளர் அன்ரன். மன்னார்ப் பக்கம், நாற்பது வயது, இஸ்திரி போட்ட சேட். கதைப்பதில் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்ப்பது அவர் தொழிலாம். என்னைப் பின்னால் கதவோரக் கதிரையில் இருத்தி, வாய் திறக்கக் கூடாது என்றார்கள். நாற்பத்திரண்டு வருடம் மற்றவர்களுக்குச் சொன்ன கட்டளை.

டொக்டர் "காலை வணக்கம்" என்று சொல்லி முடிப்பதற்குள் இவர் எழுந்து நின்று, கையைக் கட்டி, தொடங்கிவிட்டார்.

"செவ்வாய்க்கிழமை. மார்ச் பதினாலு. ரெண்டாயிரத்து இருபத்திமூண்டு. சாவி, ஆறு, தொப்பி, எலுமிச்சம்பழம், கதிரை. தொண்ணூற்றுமூண்டு, எண்பத்தாறு, எழுபத்தொம்பது, எழுபத்திரண்டு, அறுபத்தஞ்சு. சிங்கம், ஒட்டகம், எருமை."

அன்ரன் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். டொக்டர் பேனையை மேசையில் வைத்தார். இன்னும் ஒரு கேள்வியும் கேட்கப்படவில்லை.

பிறகு புது வினாத்தாள் எடுத்தார்கள். வேறு ஐந்து சொற்கள், வேறு படங்கள். இன்று என்ன கிழமை என்று மெதுவாகத் திருப்பிக் கேட்டார்கள். அவர் முழித்தார். யன்னலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். அவர் சொல்கிற விடையே பதிவாகட்டும் என்று உறுதி எடுத்துத்தான் நான் வந்திருந்தேன். கடவுள் சத்தியமாகச் சொல்கிறேன், இருமல் தானாகத்தான் வந்தது. மூன்று முறை.

அன்ரன் திரும்பிக்கூடப் பார்க்காமல் டொக்டரிடம் இங்கிலிசில், "மனைவி மூன்று முறை இருமுகிறார், திங்கள், செவ்வாய், புதன் என்று பொருளாக இருக்கலாம்" என்றார்.

டொக்டர் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துவிட்டார். நானும் சிரித்தேன். எல்லாரும் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார். அன்ரன் மட்டும் சிரிக்கவில்லை. அது அவர் தொழிலில் இல்லைப் போலும்.

புதுச் சொற்கள் ஐந்தில் ஒன்றும் வரவில்லை. எந்த ஊரில் இருக்கிறோம் என்றதற்கு அநுராதபுரம் என்றார். கழித்தல் கணக்கு வேறு எண்ணில் வந்ததும், பிடித்துக்கொண்டு நின்ற கயிறு அறுந்தது போலத் திகைத்துப்போனார். ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். நான் சொல்லித் தரவில்லையே என்று. அந்தப் பார்வை எனக்குத் தாங்கவில்லை.

கடைசியாக டொக்டர் என்னைக் காட்டி, "இவர் யார்?" என்று கேட்டார். அது எந்தக் கடந்தகால வினாத்தாளிலும் வரவில்லை. நான் படிப்பிக்கவும் இல்லை. அதையெல்லாம் ஒருவருக்குப் படிப்பிக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

அவர் என்னை நன்றாகப் பார்த்தார். பிறகு அன்ரனின் பக்கம் சாய்ந்து, எனக்குக் கேட்காது என்ற நினைப்பில் சொன்னார்.

"ரீச்சர். விடியக்காலமை வகுப்பு எடுக்கிறவ. நல்லாப் படிப்பிப்பா. நான் இந்த வயசிலை படிக்கப் போறது என்ரை மனுசிக்குத் தெரியாது. நீங்களும் சொல்லிப்போடாதேங்கோ."

அன்ரன் அதையும் மொழிபெயர்த்தார். ஒரு சொல்லும் விடவில்லை.

முப்பதுக்கு ஒன்பது. டிமென்ஷியா என்று டொக்டர் எழுதினார். இரண்டு வருடத்துக்கு முதலே எழுதியிருக்க வேண்டியது என்று அவரே சொன்னார். பகல் நிலையத்தில் இடம், வீட்டுக்கு வந்து பார்க்க ஒரு ஆள், எனக்கு ஓய்வு நாள், எல்லாவற்றுக்கும் படிவம் போகிறதாம். செப்டம்பரில் வான் வரும். சோறு கொடுக்கிற நிலையமாகத் தேடச் சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார். நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. என் மாணவன் முதல் முறையாகச் சோதனையில் தவறிவிட்டான், நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

பஸ் தரிப்பில் அவர் எனக்கு இருக்கையைத் தட்டிக் கொடுத்தார்.

"நீங்கள் எந்தப் பக்கம் போறியள், ரீச்சர்?"

"உங்கடை பக்கம்தான்."

"அப்ப நல்லதாப் போச்சு. மனுசி பாத்துக்கொண்டிருப்பா. ஒருக்கால் வந்து சொல்லிவிடுங்கோ, நான் உங்களோடைதான் நிண்டனான் எண்டு."

"ஏசுவாவோ?"

"சீ, ஏசமாட்டா. தங்கமான மனுசி." கொஞ்சம் யோசித்தார். "வாய்தான் கொஞ்சம் கூட."

பஸ் வரும் வரை சிரித்தேன். பஸ்ஸில் ஏறியும் சிரித்தேன். எதிரே இருந்த பெண் எனக்கு ஒரு ரிஸ்யூ பேப்பர் எடுத்து நீட்டினாள். வாங்கி முகத்தைத் துடைத்தேன்.

வீட்டுக் கதவைத் திறந்துவிட்டேன். அவர் சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்தார். பிறகு, நான் பின்னால் நிற்க, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"இஞ்சாரும், நான் வந்திட்டன்!"

பதில் வரவில்லை. அவர் அப்படியே நின்று காத்துக்கொண்டிருந்தார். நான் அவரை விலத்திக்கொண்டு நடந்து, சமையலறைக்குள் போய், கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டேன்.

"ஓம், கேட்டுது" என்றேன். "கையைக் கழுவிப்போட்டு வாங்கோ. சோறு போடுறன்."